களஞ்சியம் விலைக்கு

வீடு விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டால், அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாத சுபாவம் உடையவர்கள் உலகத்தில் அநேகர் இருக்கிறார்கள். வாங்கும் உத்தேசமும் அவர்களுக்கு இராது. வாங்கப் பணமும் இராது. ஆயினும் கிணற்றை எட்டிப் பார்த்து, சமையல் அறையில் புகை போக வழி உண்டா என்று விசாரித்து, "தெற்குப் பார்த்த வாசல் ஆயிற்றே!" என்று ஒரு குறையும் சொல்லிவிட்டுத் திரும்பினால்தான் அன்றிரவு அவர்களுக்குத் தூக்கம் வரும். நாமும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவர்களே என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

ஆனால், சென்ற வருஷம் கோடைகாலத்தில், இங்கிலாந்து தேசத்தில் நார்போக் ஜில்லாவின் கடற்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, நாம் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. அபிப்பிராயம் சொல்லப் போனோம். வேடிக்கை பார்ப்பது சுலபம். அபிப்பிராயம் சொல்வது கஷ்டம். அதிலும், நாம் சொல்லப் போகும் அபிப்பிராயத்தைப் பொறுத்துக் காவேரிக் கரையிலே நம் முன்னோர்கள் கட்டிய வீடு ஒன்று நிற்பதா, விழுவதா என்று தீர்மானம் ஆக வேண்டியிருந்தால், அந்தக் கஷ்டத்தைப் பற்றி என்ன சொல்வது?

விஷயம் இதுதான். காலஞ்சென்ற நம் தமையனாரின் குமாரனும் அவன் மனைவியும் நார்விச் நகரத்தில் வைத்தியம் செய்கிறார்கள். பத்து வருஷமாக வாடகை வீட்டில் இருந்து அலுத்துப் போனவர்கள். ஒரு நாள் டெலிபோனில் கூப்பிட்டு, "சித்தப்பா! ஒரு களஞ்சியம் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கிக் குடியேறிவிடலாம் என்று பார்க்கிறோம். எப்படியும் அடுத்த மாதம் இங்கே வரப் போகிறீர்களே, வந்து பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்" என்றான்.

"களஞ்சியத்திலா குடியிருக்கப் போகிறார்கள்? அப்படியானால் நெல்லை எங்கே கொட்டுவார்களாம்?" என்று கேட்டாள் நம் வீட்டு அம்மாள். மிகவும் நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரிந்து கொள்ள நமக்கு ஆறாயிரம் மைல் பிரயாணம் செய்ய வேண்டியிருந்தது.

களஞ்சியத்தின் விலை ஆறே முக்கால் லட்சம் பவுன். நம் நாட்டுக் கணக்கில் ஏழு கோடி ரூபாய்க்கு மேல். பெரும் பகுதியைப் பாங்கியில் கடனாகத் தருவார்கள். மீதிக்குப் பிள்ளையும் மருமகளும் சேர்த்து வைத்தது போதவில்லை. குறைவதற்கு வழி ஊர் வீடு. அதில் பாதி நம்முடையது, பாதி அவனுடையது. நம் பாதியையும் சேர்த்து அவனுக்கே கொடுத்துவிடுவது என்று நாம் முன்பே தீர்மானித்திருந்தோம். நமக்குப் பிறகு அதைப் பார்ப்பதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அந்த வீட்டுக்கு இரண்டு பேர் விலை கேட்டிருந்தார்கள். ஒருவர் மர வியாபாரி. தேக்குத் தூண்கள், நிலைகள், கதவுகள், கூடத்தில் நிற்கும் பலாமரப் பத்தாயம் ஆகிய எல்லாவற்றையும் பெயர்த்து எடுத்துப் பட்டணத்து ஹோட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் விற்று, மனையைத் தனியாகக் கிரயம் செய்வது அவருடைய திட்டம். காரைக்குடிக் கடைத்தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தூண்களும் கதவுகளும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பதைக் கண்டவர்களுக்கு இந்த வியாபாரத்தைப் பற்றி நாம் விவரிக்க வேண்டியதில்லை. இன்னொருவர், பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியார். அவரால் கொடுக்க முடிந்தது, வியாபாரி கேட்ட விலையில் ஏறக்குறையப் பாதி. களஞ்சியம் வாங்க வேண்டுமானால் வியாபாரிக்குத்தான் கொடுக்க வேண்டும். கணக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

நார்விச்சிலிருந்து கிழக்கே மோட்டாரில் ஒரு மணி நேரம் சென்றால் கடல் வந்துவிடும். சாலையின் இரு புறமும் பார்லியும் கோதுமையும் பழுத்து நிற்கின்றன. ஊருக்கு ஒரு கோயில். கோயிலுக்கு ஒரு பிரம்மாண்டமான கல் கோபுரம். ஊர்ப் பெயர்களை எழுதியபடி உச்சரிக்கும் வழக்கம் அந்த ஜில்லாவில் கிடையாது. 'ஹாப்பிஸ்பர்க்' என்று பலகையில் எழுதியிருக்கும் ஊரை 'ஹேஸ்பரோ' என்று சொல்ல வேண்டும். எழுதியபடி சொன்னால் உடனே நம்மை அயலூரார் என்று தெரிந்து கொள்வார்கள். நம்மைப் பொறுத்த வரையில், நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே அது அவர்களுக்குத் தெரிந்துவிட்டதாகையால், தைரியமாக எழுதியபடியே சொல்லி வந்தோம்.

களஞ்சியம் அந்த ஊரிலிருந்து சிறிது தூரத்தில், வயல்களுக்கு நடுவே தன்னந்தனியாக நின்றது. கருங்குமிழ் போன்ற சக்கிமுக்கிக் கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் பதித்துக் கட்டிய சுவர். மூலைகளில் மட்டும் செங்கல். மேலே செம்மண் ஓடு. பக்கச் சுவரின் உச்சியில் 1764 என்று இரும்பு எழுத்துக்களைப் பதித்திருந்தார்கள். அதற்கும் மேலே, கூரை முகட்டின் கீழ், ஒரு சாண் அகலத்தில் வட்டமான துவாரம் ஒன்று. அது என்னவென்று விசாரித்தோம். ஆந்தை வந்து போவதற்காக அந்தக் காலத்துக் குடியானவர்கள் வேண்டுமென்றே விட்ட வழியாம். தானியத்துக்கு எலி வரும். எலிக்கு ஆந்தை வரும். சம்பளம் இல்லாத காவற்காரனுக்குத் தனி வாசல் வைத்துக் கொடுத்த அந்தப் புத்தியை மெச்சினோம்.

வீடு விற்கும் தரகர் எங்களுக்கு ஒரு வர்ணப் புத்தகம் கொடுத்தார். அதிலே காணப்பட்ட விசேஷணங்கள் அபாரமானவை. 'குணச்சித்திரம் நிறைந்த மேல் தளம்' என்றால், எழுந்து நின்றால் உத்தரத்தில் தலை இடிக்கும் என்று அர்த்தம். 'பழமை மாறாத வெளிச்சம்' என்றால், ஜன்னல்கள் குறைவு என்று அர்த்தம். 'அந்தரங்கமான சூழ்நிலை' என்றால், பால் வாங்க நாலு மைல் போக வேண்டும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கட்டடத்தைப் பார்க்கத் தொடங்கியதும், அது தானாகவே பேசத் தொடங்கியது.

இந்தக் களஞ்சியங்களின் அமைப்பு மிகவும் யோசனையுடன் கூடியது. நீளமான கட்டடத்தின் நடு மத்தியில், எதிரும் புதிருமாக இரண்டு பெரிய வாசல்கள். கதிர்க்கட்டுகளை ஏற்றிய வண்டி ஒரு வாசலால் உள்ளே வந்து, பாரத்தை இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்ப வேண்டிய அவசியம் இல்லாமல் மறு வாசலால் வெளியே போய்விடும். இரண்டு வாசலுக்கும் இடையே உள்ள தரைதான் களம். அதன் இரு பக்கத்து அறைகளிலும் கூரை வரையில் கதிரை அடுக்கி வைப்பார்கள். மழைக்கும் பனிக்கும் அஞ்சி, நாம் வெட்டவெளியில் செய்வதை அவர்கள் வீட்டுக்குள் செய்தார்கள். தோல்வாரினால் பிணைத்த இரட்டைக் கழியைச் சுழற்றிக் கதிரடிப்பார்கள். இரண்டு வாசற்கதவுகளையும் திறந்துவிட்டால், நடுவே வீசும் காற்றிலே பொலி தூற்றிப் பதரைப் போக்குவார்கள். சுவர்களில் விட்டிருக்கும் குறுகிய பிளவுகள் தானியம் புழுங்காமல் காற்று வருவதற்கு. அந்த ஜில்லாவில் இதைவிடப் பெரிய களஞ்சியங்களும் உண்டு. பாஸ்டன் என்னும் கிராமத்தில் சர் வில்லியம் பாஸ்டன் 1581ல் கட்டியது ஒன்று. வாக்ஸ்ஹாமில் இன்னொன்று. எட்டாவது ஹென்றி அரசன் மடாலயங்களைக் கலைத்த பிறகு அவற்றின் கற்களைக் கொண்டு வந்து கட்டியது. நூற்று எண்பது அடி நீளம். நாணலால் வேய்ந்த கூரை.

நாம் பார்த்த களஞ்சியத்தில், வண்டி வந்த வாசல் இரண்டையும் உயரமான கண்ணாடியால் மூடியிருந்தார்கள். கதிரடித்த களத்தில் பன்னிரண்டு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை. கதிர் அடுக்கிய அறையில் படுக்கை. கருவேலத்துக்கு அண்ணனான ஓக் மரத்து உத்தரங்களில், எந்த மரம் எதனுடன் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தச்சர்கள் உளியால் கீறிய ரோமானிய எண்கள் அப்படியே இருந்தன. ஒரு தூணில் காம்பஸினால் வரைந்த ஆறிதழ்ப் பூ ஒன்று காணப்பட்டது. தீய சக்திகள் அண்டாமல் இருப்பதற்காக அந்தக் காலத்தில் வரைந்தது என்றார் தரகர். மருமகள் அதை விரலால் தடவிப் பார்த்து, "மாமா! இது எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை போடுகிற கோலம்!" என்றாள். அந்த க்ஷணத்திலேயே அவள் மனத்தில் அந்த வீடு கிரயமாகிவிட்டது என்பதை நாம் அறிந்து கொண்டோம்.

நம் மனமோ வேறு எங்கேயோ போயிற்று. அந்தக் களத்தில் நின்று கதிரடித்தவர்கள் எங்கே போனார்கள்?

இதற்கு விடை இங்கிலாந்து தேசத்துச் சரித்திரத்தில் இருக்கிறது. கார்த்திகை முதல் மாசி வரையில், வயலில் வேலை இல்லாத பனிக்காலத்தில், கூலிக்காரக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்தக் களத்து வேலைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கதிரடிக்கும் இயந்திரம் வந்தது. 1830ஆம் வருஷம் கெண்ட் ஜில்லாவில் கூலிக்காரர்கள் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினார்கள். கலகம் நார்போக் வரையில் பரவிற்று. அப்போது இந்தக் கடற்கரைப் பகுதியின் மாஜிஸ்டிரேட்டுகள், இயந்திரங்களை நிறுத்திவிட்டுக் கூலியை உயர்த்தும்படி பண்ணையார்களுக்கு நார்த் வால்ஷாமிலிருந்து ஓர் அச்சிட்ட அறிக்கை விடுத்தார்கள். ஆச்சரியமான நியாயாதிபதிகள்! லண்டன் சர்க்காருக்கு அது பிடிக்கவில்லை. உள்நாட்டு மந்திரியான மெல்போர்ன் பிரபு, இப்படி எல்லாம் இரக்கம் காட்டக் கூடாது என்று கண்டித்து எழுதினார். தேசம் முழுவதிலுமாகப் பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். ஏறக்குறைய ஐந்நூறு பேரை ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். அடக்குமுறைப் பாடத்தை வெள்ளைக்கார சர்க்கார் முதலில் தன் வீட்டுப் பிள்ளைகளிடத்திலேதான் பழகிப் பார்த்தது போலும்!

இயந்திரம் கூலிக்காரனை அனுப்பியது. பிறகு அந்நியக் கோதுமை களஞ்சியத்தையே காலி செய்தது. 1870ஆம் வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகக் கோதுமை வந்து இறங்கியது. 1869ல் ஸூயஸ் கால்வாய் திறந்த பிறகு நம் தேசத்துக் கோதுமையும் போய்ச் சேர்ந்தது. அதே காலத்தில் நம் நாட்டில் நடந்தது என்ன என்பதை நம் பாட்டிமார்கள் மறக்கவில்லை. 1876 முதல் 1878 வரையில் தாது வருஷப் பஞ்சம். ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் மாண்டு போனார்கள். அந்த வருஷங்களிலும் தானிய ஏற்றுமதியை சர்க்கார் தடுக்கவில்லை. தடுப்பது வியாபார தர்மத்துக்கு விரோதமாம். இங்கே மக்கள் எலும்புக்கூடாகச் சாய்ந்தார்கள். அங்கே 1894ல் கோதுமை விலை குவார்ட்டர் ஒன்றுக்கு இருபத்து மூன்று ஷில்லிங்குக்கும் கீழே இறங்கி, நார்போக் குடியானவன் ஓட்டாண்டி ஆனான். காவேரிக் கரைக் குதிரும் காலி. கடற்கரைக் களஞ்சியமும் காலி. இந்த இரண்டு வெறுமைக்கும் ஒரே கணக்குப்பிள்ளைதான் கணக்கு எழுதினான் என்று அந்த வழவழப்பான தரையின் மேல் நின்று கொண்டு நினைத்தோம்.

ஆனால் அந்தக் கூலிக்காரர்கள் அடியோடு வாய் மூடிப் போய்விடவில்லை. நார்போக்கில் ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் குழந்தையாக இருந்தபோது, பசித்த பிள்ளைகளுக்காக ஐந்து டர்னிப் கிழங்குகளை எடுத்த குற்றத்துக்காக அவருடைய தகப்பனாரைச் சிறையில் அடைத்தார்கள். குடும்பம் தர்ம விடுதிக்குப் போயிற்று. எட்வர்ட்ஸ் பள்ளிக்கூடத்தையே அறியாதவர். காக்கை ஓட்டுவதில் தொடங்கியது அவருடைய உத்தியோகம். விவாகம் ஆன பிறகு மனைவியிடம் எழுத்துக் கற்றுக் கொண்டார். 1906ல் அதே நார்த் வால்ஷாமில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தை ஸ்தாபித்து, 1920ல் பார்லிமெண்டு அங்கத்தினரும் ஆனார். எந்தத் தேசத்திலும் ஆளுகிற ஜாதி வேறு, ஜனங்கள் வேறு என்பதை மறக்கக் கூடாதல்லவா?

களஞ்சியத்துக்கு வெளியே, வேலியின் மேல் சாய்ந்து கொண்டு கிழவர் ஒருவர் எங்களையே கவனித்துக் கொண்டிருந்தார். எண்பது வயதிருக்கும். பக்கத்தில் கவுன்சில் கட்டிக் கொடுத்த சிறு வீட்டில் இருப்பவர். தரகர் டெலிபோனில் பேசப் போன சமயம் பார்த்து நாம் அவரிடம் பேச்சுக் கொடுத்தோம்.

"இதற்குள்ளே வீடு கட்டுவதற்கு முன் இதில் நான் முப்பது வருஷம் கன்றுக்குட்டிகளுக்குத் தீனி வைத்தேன்" என்றார் அவர். "கம்பைன் இயந்திரம் வயலிலேயே அறுத்து அடித்துக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் களஞ்சியம் எதற்கு? கன்றுகளும் போன பிறகு, பழைய டிராக்டர் ஒன்று கிடந்தது. இடித்துவிட்டிருப்பார்கள். சட்டம் விடவில்லை."

அவர் சொன்ன சட்டத்தைப் பற்றி வாசகர்கள் தெரிந்து கொள்ள வேண்டும். 1947ல் இங்கிலாந்தில் இயற்றிய நகர் கிராம அமைப்புச் சட்டத்தில் வேரூன்றிய முறைப்படி, பழமையான கட்டடங்களைத் தரம் பிரித்து ஜாபிதாவில் சேர்க்கிறார்கள். ஜாபிதாவில் ஏறிய கட்டடத்தைச் சொந்தக்காரரானாலும் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. மாற்றினால் அது கிரிமினல் குற்றம். புதிதாக ஒரு ஜன்னல் வைக்க வேண்டுமானாலும் மனுப் போட வேண்டும். அன்றியும், கூரையில் வௌவால் இருந்தால் 1981ஆம் வருஷத்துச் சட்டப்படி அதைத் தொந்தரவு செய்யக் கூடாது. பாஸ்டன் கிராமத்துப் பெரிய களஞ்சியத்தில், எங்கும் அபூர்வமான ஒரு ஜாதி வௌவால்கள் குட்டி போட்டு வளர்ப்பதால் அந்தக் கட்டடமே அவற்றுக்கு உரிமையாகிவிட்டது என்று சொல்லலாம். குடியிருப்பவன் மாறலாம், வௌவாலின் குடியிருப்பு உரிமை மாறாது. நெல் குத்தகைக்காரனுக்குக்கூட நம் நாட்டில் இவ்வளவு பந்தோபஸ்து கிடைக்க எத்தனை வருஷம் போராட வேண்டியிருந்தது என்று நினைத்துக் கொண்டோம்.

கிழவர் கைத்தடியால் கடல் இருக்கும் திசையைச் சுட்டிக் காட்டினார்.

"என் தாத்தா உழுத வயல் அதோ அங்கே இருந்தது. இப்போது அது தண்ணீருக்குள் இருக்கிறது."

அவர் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அந்தக் கரை பாறை அன்று; மணலும் களிமண்ணும் கலந்த மேடு. அலை அடிக்க அடிக்கச் சரிந்து விழுகிறது. எக்கிள்ஸ் என்ற ஊர் முழுவதையும் கடல் விழுங்கிவிட்டுக் கோயில் கோபுரத்தை மட்டும் மணலில் தனியாக நிறுத்தி வைத்திருந்தது. 1895 ஜனவரிப் புயலில் அதுவும் விழுந்தது. 1953 ஜனவரி 31ஆந் தேதி இரவு கடல் பொங்கியபோது இங்கிலாந்தில் முந்நூற்று ஏழு பேர் மடிந்தார்கள். பக்கத்து ஸீ பாலிங் கிராமத்தில் மட்டும் ஏழு பேர். கிழவருக்கு அப்போது எட்டு வயது. உப்பேறிய வயல்களில் ஜிப்சம் போட்டு மறுபடியும் பயிரிட்டதை அவர் பார்த்திருக்கிறார். பிறகு ஹாப்பிஸ்பர்க்கில் மரத்தால் தடுப்புக் கட்டினார்கள். முப்பது, நாற்பது வருஷத்தில் அது சிதைந்து போயிற்று. தெருவின் ஓரத்து வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. 2013ல் அதே கரையில் அலை மணலை அரித்தபோது, எட்டு லட்சம் வருஷத்துக்கு முன் நடந்து போன மனிதர்களின் காலடிச் சுவடுகள் வெளிப்பட்டன. பண்டிதர்கள் ஓடி வந்து படம் பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் கடல் அவற்றையும் அழித்துவிட்டது. காட்டுவதும் அதுவே, எடுத்துக் கொள்வதும் அதுவே.

"இந்தக் களஞ்சியம் எத்தனை நாள் நிற்கும்?" என்று கேட்டோம்.

"என் காலத்துக்கும் உங்கள் காலத்துக்கும் நிற்கும். அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை" என்றார் கிழவர். பிறகு, நம் பிள்ளையைப் பார்த்து, "டாக்டர், உங்களை ஒன்று கேட்கலாமா? நீங்கள் இங்கே வந்தால் வருஷம் முழுவதும் விளக்கு எரியுமா?" என்றார்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. கிழவர் தெருவைக் காட்டி விளக்கினார். "அந்த வீடு லண்டன்காரருடையது, ஆகஸ்டு மாதம் வருவார். அதற்கு அடுத்தது வாரத்துக்கு வாரம் வாடகைக்கு விடுகிறார்கள். அந்தப் பச்சைக் கதவு, கிறிஸ்துமஸுக்கு மட்டும். மார்கழி மாதத்து ராத்திரியில் நான் நாயுடன் நடந்து போனால், பதினோரு வீட்டில் மூன்று வீட்டில்தான் வெளிச்சம். என் பேரன் இந்த ஊரில் வீடு வாங்க முடியாமல் நார்விச்சுக்குப் போய்விட்டான். வீடு கடலில் போனால் சாமி செயல். இருக்கிற வீட்டில் விளக்கு இல்லாமற் போனால், அதை யார் செயல் என்று சொல்வது?"

இந்தக் குறையை இங்கிலாந்து சர்க்காரும் உணர்ந்தே இருக்கிறது. 2025 ஏப்ரல் முதல், ஆள் குடியில்லாத இரண்டாவது வீடுகளுக்கு இரட்டிப்பு வரி விதிக்க ஸ்தல ஸ்தாபனங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். வரியினால் வெளிச்சம் வருமா என்பது வேறு விஷயம்.

திரும்பி வரும்போது மோட்டாரில் யாரும் பேசவில்லை. கிழவர் கேட்ட கேள்வி நம் பிள்ளைக்கு மட்டும் உரியதாக நமக்குத் தோன்றவில்லை. நாம் பிறந்த தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். நம்மைப் போன்ற கனவான்கள் பட்டணத்துக்கும் பம்பாய்க்கும் கடல் கடந்தும் போய், ஊரைப் பற்றி உருக்கமாகப் பேசிக் கொண்டே கதவைப் பூட்டிச் சாவியை வைத்துக் கொண்டிருக்கிறோம். தெருவில் விளக்கு எரிகிற வீடுகளை எண்ணிவிடலாம். அவற்றில் ஒன்றில் எரிகிறது என்றால், அது நாம் ஏற்றிய விளக்கு அன்று. வாத்தியார் மனைவி ஏற்றுகிற விளக்கு.

அன்றிரவு சாப்பாடு ஆன பிறகு, பிள்ளை கடற்கரை நிர்வாகத் திட்டத்தின் படத்தை எடுத்து மேஜையில் விரித்தான். அங்கே சர்க்கார் கரையை மூன்று காலமாகப் பிரித்து, 2025, 2055, 2105 என்று மூன்று கோடுகள் போட்டிருக்கிறார்கள். எந்தக் காலத்தில் கடல் எதுவரை வரும் என்பது மதிப்பு. சில இடங்களில் கரையைக் காப்பாற்றுவார்கள். சில இடங்களில் கடலின் போக்கில் விட்டுவிடுவார்கள். விட்டுவிடுகிற இடத்தில் வீடு போனால், நஷ்ட ஈடு பெறச் சட்டப்படி உரிமை இல்லை. மூன்றாவது கோடு களஞ்சியத்தின் தோட்டத்துக்குள்ளே போயிற்று.

"இன்னும் எண்பது வருஷம்!" என்றாள் மருமகள். "இருநூற்று அறுபது வருஷம் நின்ற கட்டடத்தில் எண்பது வருஷம் இருந்தால் போதாதா? ஊரில் ஒரு பத்தாயம் போனால், இங்கே ஒரு களஞ்சியம் வருகிறது."

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. தம் கையால் சம்பாதித்து, தம் பிள்ளைகள் ஓடி விளையாட ஓர் இடம் தேடும் இளம் பெண். நாம் அவளுக்கு விரோதமாக ஒரு வார்த்தையும் சொல்ல விரும்பவில்லை. 'வாங்கிக் கொள்ளுங்கள்' என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஆகவே, அபிப்பிராயம் சொல்லப் போன நாம் மௌனமாக இருந்தோம்.

பேசியவன் பிள்ளைதான். "சித்தப்பா! நம் பத்தாயத்தில் இப்போது என்ன இருக்கிறது?" என்று கேட்டான்.

"நெல் ஏது? வாத்தியாரின் சின்னப் பிள்ளைகள் இரண்டும் அதற்குள்தான் ஒளிந்து விளையாடும். மேலே புத்தகங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள்."

அவன் வெகு நேரம் படத்தையே பார்த்துக் கொண்டிருந்தான். "அப்படியானால் அங்கேயும் களஞ்சியத்தில் குடித்தனம் நடக்கிறது. இங்கே இதை இடிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்கே அதைக் காப்பாற்றச் சட்டம் ஒன்றும் வராது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் நாயக்கர் காலத்துக் களஞ்சியத்தைச் சர்க்கார் காப்பாற்றும். நம் வீட்டுப் பத்தாயத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும். வாத்தியாருக்கே கொடுத்துவிடலாம், சித்தப்பா" என்றான்.

மருமகள் எழுந்து உள்ளே போனாள். சிறிது நேரம் கழித்து, கண்களைத் துடைத்துக் கொண்டு காப்பியுடன் வந்தாள். "மாமா! அந்தக் கோலத்தை மட்டும் ஒரு போட்டோ எடுத்திருக்கிறேன்" என்றாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவளுக்கு எத்தனை களஞ்சியம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று தோன்றிற்று. ஆனால் நம்மிடம் இருந்ததோ பாதி வீடு.

தர்மம் செய்தால் உடனே புஷ்பமாரி பொழியும் என்பது புராணங்களில்தான். குறைந்த விலைக்குக் களஞ்சியத்தைக் கேட்டுப் பார்த்தார்கள், சொந்தக்காரர் மறுத்துவிட்டார். இரண்டு மாதத்தில் அது வேறொருவருக்குப் போய்விட்டது. நம் பிள்ளைகள் நார்த் வால்ஷாமில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், ஒரு செங்கல் வீட்டை வாங்கினார்கள். ஆந்தைக்கு வாசல் இல்லை; சரித்திரமும் அதிகம் இல்லை. பின்புறம் ஒரு கைக்குட்டை அகலத்துக்குத் தோட்டம். அதில் மருமகள் வெந்தயக் கீரை போட்டிருக்கிறாள்.

வாத்தியாருக்குக் கிரயம் செய்து கொடுக்கத் தை மாதம் நாம் ஊருக்குப் போனோம். ரிஜிஸ்திரார் கச்சேரியில் கையெழுத்துப் போடும்போது கை சிறிது நடுங்கியதை மறைப்பானேன்? நாலு தலைமுறை வீடு. மாலையில் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது, இனி இந்தத் திண்ணையில் நாம் விருந்தாளி என்ற நினைவு வந்து தொண்டையை அடைத்தது. அந்தச் சமயத்தில் உள்ளே பத்தாயத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை, "கண்டுபிடி!" என்று கூவியது. வாத்தியார் மனைவி மாடத்தில் விளக்கேற்றி வைத்தாள்.

சென்ற வாரம் பிள்ளையிடமிருந்து கடிதம் வந்தது. மார்கழிக் குளிரில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு அந்தக் கடற்கரை வழியே வந்தானாம். களஞ்சியம் இருட்டாக இருந்ததாம். கிழவர் வீட்டில் வெளிச்சம் இருந்ததாம். இறங்கிப் போய்க் கதவைத் தட்டி, ஒரு கோப்பைத் தேநீர் சாப்பிட்டுவிட்டு வந்தானாம். "உங்கள் வீட்டில் விளக்கு எரிகிறதா, டாக்டர்?" என்று கிழவர் கேட்டாராம்.

"இரண்டு வீட்டில் எரிகிறது" என்று பதில் சொன்னதாக எழுதியிருக்கிறான்.